பந்தயக் குதிரையும் தொலைக்காட்சித் திரையும்

தொலைக்காட்சிக் கமராவுக்கு எளிதில் வசப்படும் விளையாட்டுகள் சில உண்டு. குத்துச்சண்டை நான்கு கயிறுகளுக்கு உள்ளே நடைபெறுகின்றது. டெனிஸ் ஆட்டம் ஒரு வலையின் இரு புறத்தும் நிகழ்கின்றது. ஆடுவோர் இருவரே ஆதலின், அவர்தம் முகங்கள் பார்ப்போர் மனத்தில் விரைவிற் பதிந்துவிடுகின்றன. குதிரைப் பந்தயமோ இவற்றுக்கு முற்றிலும் மாறானது. அது மைற் கணக்கில் நீண்ட வெளியில் நிகழ்வது. ஒன்றை ஒன்று ஒத்த பல விலங்குகள் ஒருங்கே ஓடுவது. தொடங்கியது தெரிவதற்குள் முடிந்துவிடுவது. போதாக்குறைக்கு, பந்தயத்தின் மொழியும் கணக்கும் அத்துறையிற் பழகியோருக்கன்றிப் பிறருக்கு விளங்குவதில்லை. இத்தகைய ஒன்றை, ஆண்டு முழுவதும் குதிரையையே நினையாத இல்லங்களுக்குள் கொண்டுசென்று, அங்குள்ளோரை மூச்சடக்கிப் பார்க்கச் செய்வது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு இங்கிலாந்தின் கிராண்ட் நாஷனல் பந்தயத்தினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

லிவர்ப்பூல் நகரை அடுத்த ஏன்ட்றீ என்னும் இடத்தில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்பிரல் மாதத்தில் நடைபெறும் இப்பந்தயம் வெறும் ஓட்டப் பந்தயம் அன்று. தடை தாண்டும் பந்தயமாகும். ஏறத்தாழ இரண்டேகால் மைல் சுற்றளவுள்ள பாதையைக் குதிரைகள் இரு முறை சுற்றி வருகின்றன. பாதையிலுள்ள 16 தடைகளுள் 14 தடைகள் இரு முறையும், எஞ்சிய இரண்டும் ஒரு முறையுமாக, மொத்தம் 30 தாவல்கள். மூன்றடி, நான்கடி உயரமல்ல. பெரும்பாலானவை நாலரை அடிக்கு மேற்பட்டவை. இத்தனையும் முடிவதற்கு ஏறக்குறைய ஒன்பது அல்லது ஒன்பதரை நிமிடங்களே செல்கின்றன. அந்த ஒன்பது நிமிடத்துக்காகத் தொலைக்காட்சி நிலையம் அன்றைய பிற்பகலின் பெரும் பகுதியை ஒதுக்குகின்றது.

குதிரைப் பந்தயத்துக்கும் தொலைக்காட்சிக்கும் உள்ள உறவு பழையது. தொலைக்காட்சியின் முன்னோடிகளுள் ஒருவரான ஜோன் லோகி பெயர்ட், 1931ஆம் ஆண்டிலேயே எப்சம் திடலில் நடைபெற்ற டேர்பி பந்தயத்தை ஒளிபரப்பிக் காட்டினார். தெரிந்தவை மங்கலான நிழல்களேயாயினும், வெளியிடத்து நிகழ்ச்சி ஒன்றினை அது நடக்கும்போதே தொலைவிற் காண முடியும் என்பது அன்று நிலைநாட்டப்பட்டது. மறு ஆண்டு அதே பந்தயம் இலண்டனிற் படமாளிகை ஒன்றின் திரையிற் காட்டப்பட்டது. 1938இல் பீ.பீ.சீ. நிறுவனம் டேர்பியை நேரடியாக ஒளிபரப்பியது.

கிராண்ட் நாஷனல் மட்டும் நெடுங்காலம் பிடிகொடுக்கவில்லை. 1927 முதல் வானொலியில் அதன் நேர்முக வர்ணனை ஒலித்துவந்தது. ஆயினும் ஏன்ட்றீ திடலின் உரிமையாளராக விளங்கிய மிராபெல் ரொப்பம் அம்மையார், பந்தயத்தைப் பற்றிய வர்ணனைக்கும் தமக்கே உரிமை உண்டு என வாதாடினார். இவ்வழக்கு முற்றி, 1952ஆம் ஆண்டில் பீ.பீ.சீ.யை விலக்கித் தாமே வர்ணனையாளர் சிலரை அமர்த்திக்கொண்டார். அவ்வாண்டின் வர்ணனை பெருங் கண்டனத்துக்கு உள்ளானது. குதிரையைப் பார்த்தவர் எவரும் பந்தயத்தைச் சொல்லிவிடலாம் என்னும் எண்ணம் பிழையானது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று. ஈற்றில் இணக்கம் ஏற்பட்டு, 1960ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கிராண்ட் நாஷனல் முதன்முறையாகத் தொலைக்காட்சியில் தோன்றியது. அன்று வென்ற குதிரையின் பெயர் மெரிமன் 2.

இனி, கமராக்களின் தொழிலை நோக்கின், அதன் அருமை புலனாகும். இரண்டேகால் மைல் சுற்றினை ஒரே கமராவினாற் பின்தொடர இயலாது. ஆகவே உயர்ந்த கோபுரங்களில் சில கமராக்களும், தடைகளின் அருகே தரையோடு தரையாகச் சிலவும், பாதையின் உட்புறத்தே குதிரைகளுக்கு இணையாக ஓடும் வாகனத்தில் ஒன்றும், வானிலிருந்து நோக்குவது ஒன்றுமாக அவை பகிர்ந்து வைக்கப்படுகின்றன. ஒவ்வொன்றும் தன் எல்லையுள் வந்த குதிரைக் கூட்டத்தைப் பெற்று, அடுத்த கமராவிடம் ஒப்படைக்கின்றது. ஒளிபரப்பு வாகனத்துள் பல திரைகளுக்கு முன் அமர்ந்திருக்கும் இயக்குநர், எக்கணத்தில் எக்காட்சியை மக்களுக்கு அளிப்பது என்பதைத் தீர்மானிக்கின்றார். அவர் எதிர்நோக்கும் இடர்ப்பாடு எப்பொழுதும் ஒன்றே. தொலைவிலிருந்து எடுக்கும் அகன்ற காட்சி உண்மையைக் கூறும். எந்தக் குதிரை எங்கே நிற்கின்றது என்பதைத் தெளிவாகக் காட்டும். ஆனால் உள்ளத்தைத் தொடாது. அண்மைக் காட்சியில் குதிரையின் விரிந்த நாசியும் ஜொக்கியின் சேறு படிந்த முகமும் தெரியும். ஆனால் பந்தயத்தின் நிலை மறைந்துவிடும். ஒன்றினால் அறிவும் மற்றதனால் உணர்ச்சியும் நிறைவுபெறுகின்றன. இரண்டையும் அளவறிந்து கலப்பதே இயக்குநரின் திறமை.

கமரா பொய் சொல்லாது என்பர். பந்தயத் திடலில் அது அவ்வப்போது பொய் சொல்வதுண்டு. தொலைவை அண்மையாக்கும் நீண்ட வில்லையினூடாக எதிரே வரும் குதிரைகளை நோக்கினால், அவற்றிடையேயுள்ள இடைவெளி சுருங்கித் தோன்றும். பத்து யார் பின்தங்கிய குதிரையும் முன்னோடியின் தோளோடு தோள் உரசுவதுபோற் காணப்படும். முடிவுக் கோட்டுக்கு நேரே நில்லாமற் சற்று விலகி நிற்கும் கமராவோ, இரண்டாவதாக வந்ததை முதலாவதாக வந்ததாகவும் காட்டிவிடக்கூடும். ஆதலாற்றான் வெற்றியைத் தீர்மானிக்கும் பொறுப்பு வேறொரு கருவியிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. அக்கருவி முடிவுக் கோட்டுக்கு நேராக அமைந்த மெல்லிய பிளவு ஒன்றினூடாக அக்கோட்டை மாத்திரமே இடைவிடாது பதிவு செய்கின்றது. ஆகவே அது தரும் படம் ஓர் இடத்தின் பரப்பைக் காட்டுவதன்று. ஒரே கோட்டினைக் குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்த காலத்தின் பதிவாகும். அப்படத்திற் குதிரையின் கால்கள் சில வேளைகளில் விந்தையாக நீண்டும் வளைந்தும் தோன்றுவதற்குக் காரணம் இதுவே. 2012ஆம் ஆண்டில் நெப்ரியூன் கொலொஞ் என்னும் குதிரை சணிஹில்போய் என்னும் குதிரையை மூக்களவினால் வென்றதை உறுதிப்படுத்தியதும் இத்தகைய படமே. கிராண்ட் நாஷனல் வரலாற்றில் அதனினும் நெருங்கிய முடிவு இல்லை.

கண்ணுக்குக் கமரா எவ்வளவு உதவினும், பந்தயத்தை விளங்க வைப்பது குரலே. குதிரைகளை வேறுபடுத்தி அறிவதற்கு வர்ணனையாளர் துணைகொள்வது ஜொக்கிகள் அணியும் பட்டுச் சட்டையின் நிறங்களையாகும். நிறமும் கோலமும் குதிரையின் உரிமையாளருக்கு உரியவை. ஒரே உரிமையாளரின் குதிரைகள் பல ஓடுமாயின், தொப்பியின் நிறம் ஒன்றே வேற்றுமை காட்டும். நாற்பது குதிரைகள் ஓடிய காலத்தில் நாற்பது நிறக் கோலங்களையும் நெஞ்சிற் பதித்து, மழையிலும் சேற்றிலும் கணப்பொழுதிற் பெயர் சொல்ல வேண்டும். பீ.பீ.சீ.யில் அரை நூற்றாண்டு காலம் இப்பணியாற்றி 1997இல் ஓய்வு பெற்ற பீற்றர் ஓ'சலிவன், வானொலியிலும் தொலைக்காட்சியிலுமாக 50 கிராண்ட் நாஷனல் பந்தயங்களை வர்ணித்தவர். பந்தயத்துக்கு முன்னரே நிறக் குறிப்புகளைத் தம் கையால் எழுதி மனப்பாடஞ் செய்வது அவர் வழக்கம். 1974ஆம் ஆண்டு செல்ற்றனம் திடலில் அற்றிவோ என்னும் குதிரை பெரும் பந்தயம் ஒன்றில் வென்றபோது வர்ணனை செய்தவரும் அவரே. அற்றிவோவின் உரிமையாளரும் அவரே! ஆயினும் பிறருடைய குதிரையைப் பற்றிப் பேசுவதுபோலவே அவர் குரல் நிதானமாக ஒலித்தது. பொதுமக்களுக்காகப் பேசுவோருக்கு வேண்டிய நடுவுநிலைமைக்கு இதனை ஓர் இலக்கணமாகக் கொள்ளலாம்.

குரலின் வலிமையை 1967ஆம் ஆண்டுப் பந்தயம் இன்னொரு வகையில் வெளிப்படுத்தியது. இரண்டாஞ் சுற்றில், 23ஆவது தடையினருகே, ஜொக்கியை இழந்து தனியே ஓடிய குதிரை ஒன்று குறுக்கே திரும்பியது. பின்வந்தவை ஒன்றோடொன்று மோதி நின்றன, சில வீழ்ந்தன, சில திரும்பி ஓடின. ஏன்ட்றீ தடைகளுள் மிகச் சிறியனவற்றுள் ஒன்றான அவ்விடத்தில், பந்தயம் முழுவதும் ஒரு கணத்திற் குலைந்துபோயிற்று. அப்பொழுது தொலைக்காட்சி கறுப்பு வெள்ளையில் இருந்தது. பார்ப்போருக்கு நிறங்கள் தெரியா. அப்பகுதியை வர்ணிக்கும் பொறுப்பு அயர்லாந்தைச் சேர்ந்த மைக்கல் ஓ'ஹேர் என்பவருடையது. வெகு பின்னால் வந்துகொண்டிருந்த ஒரு குதிரை குழப்பத்தின் இடைவெளியைக் கண்டு தாண்டிச் சென்றதை அவர் அக்கணமே பெயர் சொல்லி அறிவித்தார். அது ஃபொய்னாவன், ஒன்றுக்கு நூறு என மதிக்கப்பட்டிருந்த, எவரும் எதிர்பாராத குதிரை. பந்தயத்துக்கு முன் ஜொக்கிகள் கூடியிருந்த அறையில் தமக்குப் பழக்கமில்லாத நிறச் சட்டை ஒன்றைக் கண்டு, அது எக்குதிரைக்கு உரியது என அவர் கேட்டறிந்திருந்தார். அச்சிறு விசாரணை அன்று இலட்சக்கணக்கானோரின் கண்களைத் திறந்தது. இன்று திரையின் ஓரத்திற் பெயர்களும் நிறங்களும் எழுத்தில் தோன்றுகின்றன. சில திடல்களில் சேணத் துணியில் வைக்கும் சிறு கருவி குதிரையின் வேகத்தையும் அறிவிக்கின்றது. எனினும் குழப்பம் நேரும் வேளையில் முன்கூட்டியே உழைத்த மனித அறிவுக்கு ஈடில்லை.

பொதுமக்களை ஈர்ப்பதற்குத் தொலைக்காட்சி கையாளும் மூன்றாவது வழி கதை. வம்சாவளியும் பழைய வெற்றிகளின் பட்டியலும் அத்துறை அறிந்தோருக்கு உரியவை. வீட்டிலிருந்து பார்ப்போருக்கோ, யாரோ ஒருவர்மீது பற்று வேண்டும். 1973ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த கிறிஸ்ப் என்னும் குதிரை வெகு தூரம் முன்னணியில் ஓடியது. கடைசித் தடைக்கு அப்பால் எஞ்சிய 494 யார் நீளத்தில் அதன் கால்கள் தளர்ந்தன. பின்னால் வந்த றெட் றம், முடிவுக் கோட்டினருகே அதனை முந்தியது. வேற்றுமை ஒரு குதிரையின் நீளத்தில் முக்காற் பங்கே. இக்காட்சியைக் கண்டோர் தோற்ற குதிரைக்காக இரங்கினர். அதன் காரணத்தை விளக்குவதே தொலைக்காட்சியின் கடமை. கிராண்ட் நாஷனல் ஒரு சுமை ஈட்டுப் பந்தயம்: வலிய குதிரைக்குக் கூடிய பாரமும் எளிய குதிரைக்குக் குறைந்த பாரமும் விதித்து, எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பளிக்க முயல்வது. அன்று கிறிஸ்ப் சுமந்த பாரம் 168 இறாத்தல். றெட் றம் சுமந்ததோ 145. அந்த 23 இறாத்தலே கடைசி நூறு யாரிற் பேசிற்று. இவ்வொரு கணக்கை அறிந்த பின், பந்தயம் வெறும் அதிட்டமாகத் தோன்றாது. கிறிஸ்பின் மீதிருந்த ஜொக்கி றிச்சட் பிற்மன், பிற்காலத்தில் பீ.பீ.சீ.யின் பந்தய நிகழ்ச்சிகளில் அமர்ந்து மக்களுக்கு விளக்கம் அளிப்பவரானார். தோல்வியை அனுபவித்தவரின் விளக்கத்துக்குத் தனி மதிப்பு உண்டு.

றெட் றம் 1974இலும் வென்றது. 1975, 1976 ஆகிய ஆண்டுகளில் இரண்டாமிடம் பெற்றது. 1977இல் மூன்றாம் முறையும் வென்றது. அவ்வாண்டு இறுதியில் பீ.பீ.சீ.யின் விளையாட்டு வீரர் விருது விழாவுக்கு அக்குதிரையையே மண்டபத்துள் அழைத்து வந்தனர். வேறிடத்திலிருந்து திரையிற் பேசிய தன் ஜொக்கியின் குரலைக் கேட்டு அது செவிகளை நிமிர்த்தியதை நாடு முழுவதும் கண்டு மகிழ்ந்தது. ஒரு விலங்கு குடும்ப நண்பனாயிற்று. 2021இல் மினெல்லா ரைம்ஸ் என்னும் குதிரைமீது ஏறிய றேச்சல் பிளக்மோர், இப்பந்தயத்தில் வென்ற முதற் பெண் ஜொக்கியானபோதும், கதையே பந்தயத்தை எல்லோருக்கும் உரியதாக்கிற்று. பெருந்தொற்றினால் பந்தயம் நிறுத்தப்பட்ட 2020இல், கணினி வரைந்த குதிரைகளைக் கொண்டு கற்பனைப் பந்தயம் ஒன்றை ஐ.ரி.வி. நிறுவனம் ஒளிபரப்பியது. அதனையும் ஒரு கட்டத்தில் 48 இலட்சம் பேர் பார்த்தனர். குதிரையே இல்லாதவிடத்தும் குரலும் கதையும் பார்ப்போரைப் பிடித்து வைத்தன.

இவ்வாறு மக்களை அழைத்து வருவதில் தொலைக்காட்சி வெற்றி கண்டது. பிரித்தானியச் சட்டம் கிராண்ட் நாஷனலையும் டேர்பியையும் நாட்டின் முக்கிய நிகழ்ச்சிகளாக வகுத்து, அவை எல்லோருக்கும் கட்டணமின்றிக் கிடைக்கும் ஒளிபரப்பிற் காட்டப்படுவதற்கு வழி செய்துள்ளது. பீ.பீ.சீ.யிடமிருந்து 2013இல் சனல் 4 நிறுவனத்துக்கும், 2017இல் ஐ.ரி.வி.க்கும் கிராண்ட் நாஷனல் கைமாறிய போதும் இந்நிலை மாறவில்லை. ஆனால் அழைப்போடு பொறுப்பும் வருகின்றது. அப்பொறுப்பு இருவகைப்பட்டது.

முதலாவது, பணம் பற்றியது. பந்தயமும் பணயமும் பிரிக்க முடியாதவை என்பதால், ஒன்றுக்குப் பத்து, ஒன்றுக்கு நூறு என்னும் விகிதங்களை நிகழ்ச்சியில் விளக்காமல் இருக்க இயலாது. ஒன்றுக்கு நூறு என்பது, ஒரு பவுண் கட்டியவருக்கு வெற்றி கிடைப்பின் நூறு பவுண் இலாபம் உண்டு என்பதாகும். அவ்வெற்றி மிக அரிது என்று அந்த எண்ணே எச்சரிக்கின்றது என்பதுமாகும். முதற் பாதியை உரக்கவும் இரண்டாம் பாதியை மெதுவாகவும் சொல்லும் ஒளிபரப்பு, பார்ப்போருக்கு நன்மை செய்வதாகாது. பிரித்தானியச் சூதாட்ட நிறுவனங்கள், நேரடி விளையாட்டு நிகழ்ச்சிகளின்போது இரவு ஒன்பது மணிக்கு முன் தம் விளம்பரங்களை 2019 முதல் நிறுத்துவதாகத் தாமே உடன்பட்டன. அவ்வுடன்பாட்டினின்றும் குதிரைப் பந்தயம் விலக்களிக்கப்பட்டது. குடும்பத்தார் ஒருங்கே அமர்ந்து பார்க்கும் பிற்பகல் நேரத்தில் இவ்விலக்கு நிலவுகின்றது என்பது சிந்தித்தற்குரியது.

இரண்டாவது பொறுப்பு இதனினும் கடினமானது. அது குதிரையின் உயிர் பற்றியது. ஏன்ட்றீயில் குதிரைகள் வீழ்ந்து மடிவது தொலைக்காட்சிக்கு முன்னரும் நிகழ்ந்தது. அப்பொழுது அதனை அறிந்தோர் திடலில் நின்றோரும் பத்திரிகை படித்தோருமே. 2011ஆம் ஆண்டில் இரு குதிரைகள் இறந்தன. இரண்டாஞ் சுற்றில் இரு தடைகளைத் தவிர்த்து ஏனையவை சுற்றிச் செல்ல நேர்ந்தது. வானிலிருந்து நோக்கிய கமரா, துணியால் மூடப்பட்ட உடல்களை இல்லங்கள்தோறும் காட்டியது. தடை ஏன் தவிர்க்கப்பட்டது என்பதைக் கண் அறிந்துகொண்டது. குதிரையை நண்பனாகக் கருதுமாறு பழக்கப்பட்ட மக்கள், அந்நண்பன் என்னவானான் என்று கேட்டனர். மறு ஆண்டும் இரு குதிரைகள் இறந்தன. 2013இல் தடைகளின் உள்ளே இருந்த மரச் சட்டங்கள் அகற்றப்பட்டு, வளைந்து கொடுக்கும் பொருள் வைக்கப்பட்டது. அவ்வாண்டு முதல் 2018 வரை கிராண்ட் நாஷனல் ஓட்டத்திற் குதிரை எதுவும் இறக்கவில்லை.

2023இல் எதிர்ப்பாளர் சிலர் திடலுட் புகுந்தமையாற் பந்தயம் 14 நிமிடம் தாமதித்துத் தொடங்கியது. முதற் தடையிலேயே ஒரு குதிரை வீழ்ந்து இறந்தது. 2024 முதல் ஓடும் குதிரைகளின் தொகை நாற்பதிலிருந்து 34ஆகக் குறைக்கப்பட்டது. தொடக்கத்தில் வேகம் மிகாதவாறு முதற் தடை 60 யார் முன்னே நகர்த்தப்பட்டது. இம்மாற்றங்களுள் ஒன்று தனிக் கவனத்துக்குரியது. 2016இல் மேலும் பல பார்வையாளரைப் பெறும்பொருட்டுப் பந்தயத்தின் தொடக்கம் பிற்பகல் 5.15 மணிக்குத் தள்ளப்பட்டிருந்தது. 2024இல், தரை குதிரைகளுக்கு ஏற்ற பதத்தில் இருத்தல் வேண்டும் என்பதற்காக, அது 4 மணிக்கு மீட்கப்பட்டது. தொலைக்காட்சிக்காக நகர்ந்த கடிகாரம் குதிரைக்காகத் திரும்பி நகர்ந்தது எனலாம். அவ்வாண்டு ஓடியவற்றுள் ஒரு குதிரையேனும் வீழவில்லை. ஆயினும் 2025இல் ஓட்டத்தின் முடிவிற் சோர்ந்து சாய்ந்த குதிரை ஒன்று சில நாட்களுக்குள் இறந்தமையால், வினா முடிவுற்றது என்று கூறுவதற்கில்லை.

இந்நிலையில் இயக்குநருக்கும் வர்ணனையாளருக்கும் எழும் கேள்வி நுண்மையானது. வீழ்ந்த குதிரையை மீண்டும் மீண்டும் காட்டுதல் கொடுமையாகும். துயரத்தைக் காட்சிப் பொருளாக்குவதாகும். காட்டாமலும் சொல்லாமலும் வெற்றி விழாவுக்குச் செல்லுதல் உண்மையை மறைப்பதாகும். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு: காட்சியைத் தவிர்த்து, செய்தியைத் தவிர்க்காமல், நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே அமைந்த குரலிற் கூறிவிடுவது. குழந்தைகளும் பார்க்கும் நிகழ்ச்சியில் இதனினும் சிறந்த முறை காண்பதற்கில்லை.

குதிரைப் பந்தயத்தைப் பொதுமக்களுக்கு உரியதாக்கத் தொலைக்காட்சி முதலிற் கமராவைக் கொடுத்தது. பின்னர் குரலைக் கொடுத்தது. அதன்மேற் கதையைக் கொடுத்தது. இம்மூன்றினாலும் அத்துறையோடு தொடர்பில்லாதாரும் ஆண்டுக்கொரு முறை அதன் விருந்தினராயினர். ஆனால் விருந்துக்கு அழைக்கப்பட்டவர் அடுப்படியையும் எட்டிப் பார்த்துவிட்டனர். தடைகளின் உள்ளமைப்பும், ஓடும் குதிரைகளின் தொகையும், தொடங்கும் நேரமும் அவர்தம் பார்வைக்குப் பதில் சொல்ல வேண்டியனவாயின. பந்தயத்தை நடத்துவோருக்கு இது இடையூறாகத் தோன்றலாம். எனினும் பலர் காண நடைபெறும் எதுவும் பலருடைய மனச்சாட்சிக்கும் உட்பட்டதே. அதனை உணர்ந்து பந்தயம் தன்னைத் திருத்திக்கொள்ளும் அளவுக்கே, அந்த ஒன்பது நிமிடங்களை மக்கள் இனியும் மகிழ்ச்சியோடு பார்த்திருப்பர்.